போலீஸ் ரேடியோவில் சங்கேதப் பேச்சு

பெங்களூர் நகரத்தின் வீதிகளில் இரவும் பகலும் சுற்றி வரும் போலீஸ் ரோந்து வண்டிகளுக்கு ‘ஹொய்சளா’ என்று பெயர். முற்காலத்தில் கன்னட நாட்டை ஆண்ட ஓர் அரச மரபின் பெயர் அது. ஆபத்தில் சிக்கிய ஒருவர் 112 என்ற எண்ணைத் தொலைபேசியில் அழைத்ததும், கட்டுப்பாட்டு அறையில் உள்ளவர் அருகிலுள்ள வண்டிக்குச் செய்தி அனுப்புகிறார். கணிப்பொறித் திரைகளும் கைப்பேசிகளும் இப்பணியில் இடம் பெற்றுவிட்ட போதிலும், ஒருவர் பேசுவதைப் பலரும் ஒரே நொடியில் கேட்டுச் செயற்பட வேண்டிய வேளைகளில் கம்பியில்லா ரேடியோவுக்கு இணையான சாதனம் வேறில்லை.

ஆனால் ரேடியோவின் இந்தச் சிறப்பே அதன் குறையும் ஆகும். ஒரு வீட்டின் இலக்கம், அங்கே தனித்திருக்கும் பெண்ணின் பெயர், அவருக்கு நேர்ந்த துன்பம், அங்கு விரைந்து செல்லும் காவலரின் எண்ணிக்கை ஆகிய யாவும் ரேடியோ அலைகளில் கலந்து நாற்றிசையும் பரவுகின்றன. கேட்க வேண்டியவர் கேட்பது போலவே கேட்கக் கூடாதவரும் கேட்கலாம். இதைத் தடுக்கும் பொருட்டு உலகின் பல நாடுகளில் போலீஸ் இலாகாக்கள் தங்கள் ரேடியோப் பேச்சைச் சங்கேதமாக மாற்றி அனுப்பும் முறைக்கு மாறி வருகின்றன. இம்முறை எவ்வாறு இயங்குகிறது, இதனால் விளையும் நன்மை யாது, இதனால் இழக்கப்படுவது யாது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

போலீஸ் ரேடியோ வளர்ந்த வரலாறு

அமெரிக்காவிலுள்ள டெட்ராய்ட் நகரப் போலீஸார் 1928ஆம் ஆண்டில் ரோந்து வண்டிகளுக்கு ரேடியோ மூலம் முறையாகச் செய்தி அனுப்பத் தொடங்கினர். அந்நாளில் வண்டியில் இருந்தவர் கேட்க மட்டுமே முடியும்; விடை கூற வழியில்லை. இரு பக்கமும் பேசும் வசதி 1933இல் நியூ ஜெர்ஸி மாநிலத்தின் பேயோன் நகரில் ஏற்பட்டது. 1940இல் கனெக்டிகட் மாநிலப் போலீஸாருக்காகப் பேராசிரியர் டேனியல் நோபிள் அலைவரிசை மாற்ற முறையில், அதாவது எஃப்.எம். முறையில், இயங்கும் ரேடியோ அமைப்பை வகுத்தார். இரைச்சல் குறைந்த அம்முறையே பின்னர் பல நாடுகளிலும் பரவிற்று.

இந்தியாவில் பல்வேறு மாநிலப் போலீஸாரின் ரேடியோத் தொடர்புகளை ஒருங்கிணைப்பதற்கென மத்திய உள்துறை அமைச்சகத்தின்கீழ் 1946இல் ஓர் அமைப்பு தோற்றுவிக்கப்பட்டது. போலீஸ் வயர்லெஸ் ஒருங்கிணைப்பு இயக்ககம் என அது இன்று வழங்குகிறது. சங்கேத முறைகளில் மாநில ஊழியருக்குப் பயிற்சி அளிப்பதும் அதன் பணிகளுள் ஒன்று.

இத்துறையில் பெங்களூருக்குத் தனியிடம் உண்டு. இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின் செய்தித் தொடர்புப் பொறியியல் துறை 1946இல் தொடங்கியது. 1948இல் இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் தொழிற்சாலையும், 1954இல் ஜாலஹள்ளியில் பாதுகாப்பு அமைச்சகத்தைச் சார்ந்த பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் தோன்றின. இராணுவத்தினருக்கு வேண்டிய ரேடியோ சாதனங்கள் இந்நிறுவனத்தில் உற்பத்தியாகின்றன. 1986இல் இதே நகரில் நிறுவப்பட்ட செயற்கை நுண்ணறிவு மற்றும் ரோபோ இயல் மையத்தில் தகவல் பாதுகாப்பும் ஆராய்ச்சிப் பொருள்களுள் ஒன்றாகும். 1963இல் போலீஸ் கமிஷனர் பதவி ஏற்படுத்தப்பட்ட பெங்களூர், அன்றிலிருந்து பன்மடங்கு விரிந்துவிட்டது. நகரம் விரிய விரிய, காவலர் பேச்சு செல்ல வேண்டிய தூரமும் விரிந்தது.

யார் யார் கேட்கலாம்?

போலீஸார் உபயோகிக்கும் மிக உயர் அதிர்வெண் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. தரையின் வளைவே அவற்றுக்கு எல்லை. ஆகவே அலைபரப்பியின் கம்பத்தை எவ்வளவு உயரத்தில் நிறுத்துகிறோமோ அவ்வளவு தூரம் செய்தி செல்லும். கம்பத்தின் உயரத்தை மீட்டரில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை ஏறத்தாழ 4.1 ஆல் பெருக்கினால், சமவெளியில் அலை செல்லக்கூடிய தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 25 மீட்டர் உயரத்துக்கு இது சுமார் 20 கிலோமீட்டர். 100 மீட்டருக்குச் சுமார் 41 கிலோமீட்டர். உயர்ந்த கட்டடம் ஒன்றின் உச்சியில் நிறுவிய மறு ஒலிபரப்பி பெருநகரம் முழுவதற்கும் போதுமானதாவது இதனாலேயே.

அந்த வட்டத்துக்குள் தக்க வாங்கியை வைத்திருக்கும் எவரும் பேச்சைக் கேட்க இயலும். முன்னாளில் அத்தகைய வாங்கிகள் விலை மிகுந்தவை. அவற்றை இயக்கப் பயிற்சியும் வேண்டும். இந்நிலை இன்று மாறிவிட்டது. கணிப்பொறியில் தொலைக்காட்சி பார்ப்பதற்காக விற்கப்பட்ட கட்டை விரலளவுச் சாதனம் ஒன்றைப் பரந்த அலைவரிசைகளைக் கேட்கும் வாங்கியாக மாற்றலாம் என்பது 2012 அளவில் ஆர்வலரிடையே பரவலாகத் தெரிய வந்தது. அன்று முதல் சில ஆயிரம் ரூபாயும் ஒரு கணிப்பொறியும் உள்ளவருக்கு இது எட்டாத காரியமன்று.

சட்டம் இதை அனுமதிப்பதில்லை என்பது உண்மையே. லைசென்ஸ் இன்றி ரேடியோ சாதனம் வைத்திருப்பதை 1933ஆம் ஆண்டின் இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டம் தடை செய்தது. 2023இல் இயற்றப்பட்ட தொலைத்தொடர்புச் சட்டம், செய்திகளைச் சட்ட விரோதமாக இடைமறிப்பதை மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக வகுத்துள்ளது. எனினும் ஒருவர் செய்தியை அனுப்பினால் அவர் இருக்குமிடத்தைக் கருவிகளால் கண்டறியலாம். வாளாவிருந்து கேட்பவரைக் கண்டறிவது மிகக் கடினம். சட்டத்தின் கை எட்டாத இந்த இடத்திலேதான் சங்கேதம் தேவைப்படுகிறது.

மறைக்க வேண்டுவது ஏன்?

2008 நவம்பரில் பம்பாய் நகரில், அதாவது இன்றைய மும்பையில், நிகழ்ந்த பயங்கரத் தாக்குதல் இதற்குக் கசப்பான படிப்பினை தந்தது. ஹோட்டல்களுக்குள் பதுங்கியிருந்தவர்களைத் தொலைவிலிருந்து தொலைபேசி மூலம் நடத்தியவர்கள், பாதுகாப்புப் படையினரின் நடமாட்டத்தைத் தொலைக்காட்சியின் நேரடி ஒளிபரப்பிலிருந்தே அறிந்து கூறினர். உச்ச நீதிமன்றம் 2012இல் வழங்கிய தீர்ப்பில் அந்த ஒளிபரப்பைக் கண்டித்தது. அங்கே செய்தி கசிந்தது ரேடியோ வழியாக அன்று. ஆயினும் காவலரின் அடுத்த அசைவு எதிரிக்கு முன்கூட்டித் தெரிந்தால் என்ன நேரும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இரண்டாவது காரணம் குடிமக்களின் அந்தரங்கத்தைப் பற்றியது. பாலியல் கொடுமைக்கு ஆளானவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவதை நம் சட்டம் குற்றமாகக் கருதுகிறது. பத்திரிகை அச்சிடக் கூடாத பெயரை, திறந்த அலைவரிசையில் காவலர் ஒருவர் எழுத்துக் கூட்டிச் சொல்ல நேர்வது முரண்பாடே ஆகும். அந்தரங்கம் அடிப்படை உரிமைகளுள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அவ்வழக்கைத் தொடுத்த கே. எஸ். புட்டசாமி கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி என்பது இங்கு நினைவு கூரத்தக்கது.

பேச்சைத் தலைகீழாக்கிய பழைய முறை

ரேடியோப் பேச்சை மறைக்கும் முயற்சி புதிதன்று. மனிதக் குரலில் செய்தித் தொடர்புக்கு இன்றியமையாத பகுதி வினாடிக்கு 300 முதல் 3,000 அதிர்வுகளுக்குள் அடங்கும். பழைய சாதனங்கள் இவ்வரிசையைத் தலைகீழாக்கி அனுப்பின. 300 அதிர்வுள்ள தாழ்ந்த ஒலி 3,000 ஆகவும், 1,000 அதிர்வுள்ள ஒலி 2,300 ஆகவும் மாறும். அதாவது ஒவ்வோர் ஒலியின் அதிர்வெண்ணும் 3,300லிருந்து கழிக்கப்படுகிறது. வாங்கும் இடத்தில் மீண்டும் ஒரு முறை கழித்தால் இயல்பான குரல் வெளிப்படும்.

தற்செயலாகக் கேட்பவருக்கு இது பறவைகளின் கீச்சொலி போலத் தோன்றும். ஆனால் 3,300 என்ற அந்த ஓர் எண்ணைக் கண்டுகொண்டவருக்கு இதில் இரகசியம் ஏதுமில்லை. சில எண்களை முயன்று பார்த்தாலே போதும். இது பூட்டு அன்று, தாழ்ப்பாள் மட்டுமே எனலாம்.

எண்ணாக மாறும் குரல்

உறுதியான சங்கேதத்துக்கு வழி பிறந்தது குரலை எண்களாக மாற்றும் முறை தோன்றிய பின்னரே. ஒலிவாங்கியிலிருந்து வரும் மின்னோட்டத்தின் அளவை வினாடிக்கு 8,000 தடவை அளந்து, அவ்வளவுகளை 0, 1 என்னும் இரண்டே குறிகளால் எழுதுகிறார்கள். இவ்வாறு எழுதினால் குறிகள் மிகப் பெருகிவிடும். எனவே குரலின் சாரத்தை மட்டும் பிரித்தெடுக்கும் ஒரு கணித முறை கையாளப்படுகிறது. அமெரிக்கப் போலீஸாருக்காக 1989 முதல் உருவாக்கப்பட்ட ‘ப்ராஜெக்ட் 25’ என்ற தரத்தின் முதல் வடிவத்தில், ஒரு வினாடியின் ஐம்பதில் ஒரு பங்கு நேரப் பேச்சு 88 குறிகளுக்குள் அடக்கப்படுகிறது. ஒரு வினாடிப் பேச்சுக்கு 4,400 குறிகளே தேவை. இவற்றோடு, வழியில் சிதையும் குறிகளைத் திருத்துவதற்கான துணைக் குறிகளும் சேர்த்து அனுப்பப்படும்.

ஐரோப்பாவில் 1990களில் வகுக்கப்பட்ட ‘டெட்ரா’ என்ற தரத்தில் ஒரே அலைவரிசையை நான்கு உரையாடல்கள் முறை வைத்துப் பங்கிட்டுக் கொள்கின்றன. பிரிட்டிஷ் போலீஸார் 2005ஆம் ஆண்டுக்குள் இம்முறைக்கு மாறினர். நம் நாட்டில், 2010இல் டில்லியில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி டெட்ரா அமைப்பு நிறுவப்பட்டது.

குரல் எண்ணாக மாறிய மாத்திரத்தில் இரகசியமாகிவிடுவதில்லை என்பதை வற்புறுத்திக் கூற வேண்டும். தரத்தின் விவரம் தெரிந்தவர் அதைத் திரும்பவும் குரலாக்கிவிடலாம். ‘டிஜிடல்’ என்பது வேறு, ‘சங்கேதம்’ என்பது வேறு. முன்னது பின்னதற்கு வாயில் திறக்கிறது, அவ்வளவே.

வகுப்பறையில் ஒரு பரிசோதனை

சங்கேதத்தின் அடிப்படையைக் கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் கொண்டே ஆசிரியர்கள் விளக்கிக் காட்டலாம். அனுப்ப வேண்டிய செய்தி 1 0 1 1 0 0 1 0 என்ற எட்டுக் குறிகள் எனக் கொள்வோம். அனுப்புபவரும் பெறுபவரும் மட்டும் அறிந்த சாவி வரிசை 0 1 1 0 1 0 1 1 ஆகுக. இவ்விரண்டையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதி, மேலும் கீழும் உள்ள குறிகள் ஒன்றாயிருந்தால் 0 என்றும், வேறாயிருந்தால் 1 என்றும் எழுத வேண்டும். 1 1 0 1 1 0 0 1 என்ற புது வரிசை கிடைக்கும். இதுவே வானில் செல்லும் சங்கேதம்.

ஒரு மாணவன் வகுப்பின் ஒரு மூலையிலிருந்து இதை உரக்கப் படிக்கட்டும். வகுப்பிலுள்ள அனைவரும் அதைக் கேட்பார்கள். ஆயினும் செய்தி யாது என்பது அவர்களுக்கு விளங்காது. மறு மூலையில் சாவி வரிசையை வைத்திருக்கும் மாணவி, கேட்ட வரிசையின்கீழ் சாவியை எழுதி அதே விதியைப் பின்பற்றினால், 1 0 1 1 0 0 1 0 என்ற மூலச் செய்தி அப்படியே வெளிப்படும்.

இதே பரிசோதனையில் மற்றோர் உண்மையையும் காட்டலாம். ஒரே சாவி வரிசையை இரண்டு செய்திகளுக்கு உபயோகித்தால், ஒட்டுக் கேட்பவர் இரு சங்கேதங்களையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதி அதே விதியைக் கையாளுவார். உடனே சாவி தானாகவே நீங்கிவிட, இரு செய்திகளின் சேர்க்கை மட்டும் எஞ்சும். அதிலிருந்து செய்திகளை ஊகித்தறிவது தேர்ந்தவருக்கு இயலும். எனவே ரேடியோவில் ஒவ்வொரு முறை பேசும்போதும் புதிய குறிவரிசை தோன்றியாக வேண்டும். சாதனத்தினுள் பதிந்துள்ள சாவி எண்ணோடு, அவ்வப்போது மாறும் ஒரு தொடக்க எண்ணையும் சேர்த்து, கணித முறையால் நீண்ட குறிவரிசை ஒன்று உண்டாக்கப்படுகிறது. தொடக்க எண் வெளிப்படையாகவே அனுப்பப்படும். சாவி எண் ஒருபோதும் வானில் திறந்து செல்வதில்லை.

சாவியின் நீளம்

சாவி எத்தனை குறிகளைக் கொண்டது என்பதைப் பொறுத்தே அதன் வலிமை அமைகிறது. அமெரிக்க அரசாங்கம் 1977இல் ஏற்றுக்கொண்ட டி.இ.எஸ். என்ற முறையில் சாவி 56 குறிகளை உடையது. இவ்வகையில் அமையக்கூடிய சாவிகள் ஏறத்தாழ 720 கோடி கோடி. இது பாதுகாப்பான எண்ணிக்கை என்று அந்நாளில் கருதப்பட்டது. ஆனால் 1998இல் எலெக்ட்ரானிக் ஃப்ரான்டியர் பவுண்டேஷன் என்ற சங்கத்தார் இதற்கெனவே ஓர் இயந்திரம் அமைத்து, மூன்று நாளுக்குள் சாவியைக் கண்டுபிடித்துக் காட்டினர்.

இதன்பின், பெல்ஜிய நிபுணர்களான யோவான் டேமன், வின்சென்ட் ரைமன் ஆகிய இருவரும் வகுத்த முறை உலகளாவிய போட்டியில் தேர்வு பெற்று, 2001இல் ஏ.இ.எஸ். என்ற பெயரால் தரமாக்கப்பட்டது. இதில் சாவி 256 குறிகள் வரை நீளலாம். அப்போது அமையக்கூடிய சாவிகளின் தொகையை எழுத 78 இலக்கங்கள் வேண்டும். ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பது என்பது இங்கே பொருளற்றதாகிவிடுகிறது.

இரகசியம் எதில் இருக்க வேண்டும்?

சங்கேத முறையையே இரகசியமாக வைத்தால் இன்னும் நலமன்றோ என்று சிலர் கருதலாம். பாரிஸில் பேராசிரியராயிருந்த ஆகஸ்ட் கெர்க்கோஃப்ஸ் என்ற டச்சுக்காரர் இதற்கு மாறான கொள்கையை 1883ஆம் ஆண்டிலேயே கூறினார். முறை எதிரியின் கையில் சிக்கினாலும் தீங்கு நேரக் கூடாது. சாவி ஒன்றே இரகசியமாக இருந்தால் போதும் என்பது அவர் கருத்து. பூட்டின் அமைப்பு கடைத்தெருவில் அனைவரும் அறிந்ததே. வீடு பாதுகாப்பாக இருப்பது சாவி நம்மிடம் இருப்பதால்தான்.

டெட்ரா முறையின் வரலாறு இக்கொள்கைக்கு அண்மைக் காலச் சான்று. அதன் சங்கேத முறைகள் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வெளியிடப்படாமல் வைக்கப்பட்டிருந்தன. 2023இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ‘மிட்நைட் ப்ளூ’ என்ற நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர் மூவர் ஒரு ரேடியோவைப் பகுத்தாராய்ந்து அவற்றை வெளிப்படுத்தினர். டி.இ.ஏ.1 என்ற வகையில் சாவி 80 குறிகள் உடையதாகக் கூறப்பட்ட போதிலும், உள்ளே அது 32 குறிகளாகச் சுருக்கப்படுவது அப்போது தெரிந்தது. 32 குறிகளால் அமையும் சாவிகள் ஏறக்குறைய 429 கோடி மட்டுமே. சாதாரணக் கணிப்பொறி இவற்றைச் சுமார் ஒரு நிமிடத்தில் முயன்று பார்த்துவிடும். ஐரோப்பியப் போலீஸாருக்கான மற்றொரு வகையில் இக்குறை இல்லை. வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகும் சாதனங்களிலும் வணிக உபயோகத்திலும் இடம் பெற்ற வகையில்தான் இது இருந்தது. இதன்பின் தர நிறுவனம் அம்முறைகளைப் பகிரங்கமாக வெளியிட முடிவு செய்தது.

வெளிநாட்டிலிருந்து சாதனம் வாங்கும் எந்த நாட்டுக்கும் இதில் பாடம் உண்டு. பெட்டியின்மீது எழுதியிருக்கும் எண்ணை நம்புவது போதாது. உள்ளே இயங்கும் முறையைச் சோதித்தறியும் திறமை நம் நாட்டிலேயே இருக்க வேண்டும். பெங்களூரில் உள்ளவை போன்ற ஆராய்ச்சி நிலையங்களின் அவசியம் இங்கே விளங்கும்.

மனிதர் செய்யும் பிழை

முறை சிறந்ததாயினும் அதைக் கையாள்பவர் தவறினால் பயனில்லை. பென்சில்வேனியா பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த மேட் பிளேஸும் அவரது குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதைத் தெளிவாகக் காட்டியது. அமெரிக்க மத்திய அரசின் புலனாய்வு ஊழியர்கள் சங்கேத ரேடியோவை உபயோகித்தும், ஒவ்வொரு நகரிலும் நாளொன்றுக்குச் சராசரியாக இருபது நிமிடங்களுக்கு மேல் அவர்களது இரகசியப் பேச்சு சங்கேதமின்றித் திறந்த நிலையில் ஒலிபரப்பாகிக் கொண்டிருந்தது.

காரணங்கள் எளியவை. சங்கேதத்தை இயக்கும் விசை எந்நிலையில் உள்ளது என்பது பேசுபவரின் கண்ணில் படவில்லை. சாவி எண்களை அடிக்கடி மாற்றியதால், சிலரது சாதனத்தில் புதிய எண் வந்து சேரவில்லை. அவர்களுக்காக மற்றவரும் சங்கேதத்தை நிறுத்திவிட்டுப் பேசினர். பேச்சு மறைந்திருந்த போதும், ஒவ்வொரு சாதனத்தின் அடையாள எண் பெரும்பாலும் மறைக்கப்படாமலே சென்றது. எந்த அலுவலர் எங்கே உள்ளார் என்பதை அதைக் கொண்டு ஊகிக்கலாம். மேலும், சிறுமியர் விளையாட விற்கப்பட்ட ஒரு மலிவான பொம்மைச் சாதனத்தை மாற்றியமைத்து, இத்தகைய ரேடியோவின் செய்தியைக் குலைத்துவிட முடியும் என்பதையும் அவர்கள் காட்டினர். சங்கேதம் பொருளை மறைக்கும், இருப்பை மறைக்காது, இடையூற்றையும் தடுக்காது.

இழப்புகளும் உண்டு

சங்கேதம் அந்நியரை விலக்குவது போலவே நண்பரையும் விலக்கிவிடக் கூடும். 2001 செப்டம்பர் 11ஆம் நாள் நியூயார்க் நகரில் இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்ட போது, ஹெலிகாப்டரிலிருந்து போலீஸார் கொடுத்த எச்சரிக்கை தீயணைப்புப் படையினரை அடையவில்லை. இரு படைகளின் ரேடியோக்களும் தனித்தனியே இயங்கின. அன்று 343 தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தனர். அங்கே தடையாக இருந்தது சங்கேதம் அன்று. ஆனால் சாவி பகிரப்படாத சங்கேதம் அதே தடையைப் புதிதாக உண்டாக்கும்.

பெங்களூரில் 2025 ஜூன் 4ஆம் நாள் சின்னசாமி மைதானத்தின் வாயில்களருகே ஏற்பட்ட நெரிசலில் 11 பேர் இறந்தனர். இத்தகைய பெருங்கூட்டங்களில் சட்டம் ஒழுங்குப் போலீஸ், போக்குவரத்துப் போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்புப் படை ஆகிய அனைவரும் ஒருவர் கூறுவதை ஒருவர் அக்கணமே கேட்டாக வேண்டும். எந்த அலைவரிசை சங்கேதமாக இருக்க வேண்டும், எது அனைவருக்கும் பொதுவாகத் திறந்திருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே வகுத்துக்கொள்ளாவிட்டால், இரகசியம் காப்பாற்றப்பட்டு உயிர் காப்பாற்றப்படாத நிலை நேரிடும்.

மற்றோர் இழப்பு பொது மக்களின் மேற்பார்வையைப் பற்றியது. அமெரிக்காவில் போலீஸ் ரேடியோவைப் பத்திரிகையாளர் கேட்பது நெடுநாளைய வழக்கம். ஆகவே அங்கே சங்கேதம் பெரும் விவாதத்துக்குள்ளானது. சிகாகோ நகரப் போலீஸார் சங்கேதத்துக்கு மாறியபோது, பேச்சை முப்பது நிமிடம் தாமதித்துப் பொதுமக்களுக்கு ஒலிபரப்ப ஏற்பாடு செய்தனர். கலிபோர்னியாவிலுள்ள பாலோ ஆல்டோ நகரம் 2021இல் சங்கேதத்தை மேற்கொண்டு, 2022இல் அதைக் கைவிட்டது. அங்கு பெயர், பிறந்த நாள் முதலிய அந்தரங்க விவரங்களை மட்டும் வேறு வழியில் அனுப்பி, ஏனைய பேச்சைத் திறந்தே வைத்தனர்.

நம் நாட்டில் போலீஸ் ரேடியோவைக் கேட்கும் உரிமை மக்களுக்கு என்றும் இருந்ததில்லை. இங்கே மேற்பார்வைக்கு ஆதாரமாவது கட்டுப்பாட்டு அறையில் எழுதி வைக்கப்படும் பதிவேடும் ஒலிப்பதிவுமே. மும்பைத் தாக்குதலில் ஹேமந்த் கர்கரே, விஜய் சலஸ்கர் ஆகியோருடன் உயிர்நீத்த போலீஸ் அதிகாரி அசோக் காம்தேயின் மனைவி வினிதா காம்தே, தம் கணவரின் இறுதி நேரத்தில் நிகழ்ந்தது என்ன என்பதை அறிய விரும்பினார். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்து, அன்றிரவு கட்டுப்பாட்டு அறைக்கும் காவலர்களுக்கும் இடையே நடந்த ரேடியோப் பேச்சின் பதிவுகளைப் பெற்றார். அவற்றை ஆதாரமாகக் கொண்ட நூல் 2009இல் வெளிவந்தது.

இந்நிகழ்ச்சி ஓர் உண்மையை உணர்த்துகிறது. சங்கேதம் காக்க வேண்டியது பேசும் நேரத்தின் இரகசியத்தையே. பேசி முடிந்த பின் அதன் பதிவு அழியாமலும் மாற்றப்படாமலும் இருக்க வேண்டும். நீதிமன்றமும், தணிக்கை அதிகாரியும், சட்டப்படி கோரும் குடிமகனும் அதை அடைய இயல வேண்டும். இதற்குத் தொழில் நுட்பத்தில் தடை ஏதுமில்லை. கட்டுப்பாட்டு அறையில் சாவி இருப்பதால் அங்கே பேச்சைத் தெளிவான வடிவில் பதிந்து வைக்கலாம். பதிவதும் பாதுகாப்பதும் நிர்வாகத்தின் கடமை.

களப் பணியாளர் கவனத்துக்கு

சங்கேத ரேடியோவைக் கையாளும் ஊழியர்கள் சில விதிகளை நினைவிற் கொள்வது நலம். பேசத் தொடங்கு முன் சங்கேத அடையாளம் காட்டியில் தோன்றுகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சாதனம் தொலைந்தால், கண்டிப்புக்கு அஞ்சித் தாமதிக்காமல் உடனே தெரிவிக்க வேண்டும். உடனடியாகத் தெரிந்தால், கட்டுப்பாட்டு அறையிலிருந்தே அச்சாதனத்தைச் செயலற்றதாக்கி, மற்றச் சாதனங்களின் சாவியையும் மாற்றிவிடலாம். மறைக்கப்பட்ட இழப்பே அனைவருடைய இரகசியத்தையும் கெடுக்கும். சாவி மாற்றும் நாளன்று ஒருவரும் விடுபடாமல் சரிபார்க்க வேண்டும். அண்டைப் படைகளுடன் பேசுவதற்கான பொது அலைவரிசையை ஒத்திகைகளில் பழகிக்கொள்ள வேண்டும். டிஜிடல் ரேடியோவில், எல்லை தாண்டும்போது குரல் மெல்ல மங்காமல் திடீரென்று அறுந்துவிடும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

பெயர், முகவரி, நோய், நேர்ந்த கொடுமை ஆகியவற்றைத் தேவைக்கு மேல் ரேடியோவில் கூறாதிருப்பது எல்லாவற்றிலும் எளிய காப்பாகும். இதற்குப் புதுச் சாதனமோ பெருஞ்செலவோ வேண்டியதில்லை. சங்கேதம் அமைந்த பின்னரும் இப்பழக்கம் நீடிக்க வேண்டும். ஏனெனில் காவலரின் தோளில் தொங்கும் ஒலிபெருக்கியில் வெளிவரும் குரலை எந்தச் சங்கேதமும் மறைப்பதில்லை. அருகில் நிற்கும் அனைவர் காதிலும் அது விழும்.